புனிதர் வாயில் நான் வைத்த அம்பாப் பாட்டு

1. உப்புச்சப்பில்லாத கட்டுரை

மன்னாரில் இருபத்தெட்டு வருடம் நான் பிரதேச நிருபர். குளம் நிரம்பி வான்பாய்ந்தது, வள்ளம் கவிழ்ந்தது, மந்திரி வந்து போனது எல்லாம் எழுதியிருக்கிறேன். ஆனால் சனம் என்னை அறிந்தது ஞாயிற்றுக்கிழமைப் பத்தியால்தான். எங்கள் பக்கத்து விசித்திர மனிதர்களைக் கிழமைக்கு ஒருவராக எழுதினேன். முத்துக்குளிப்பைப் பார்க்க அரிப்பு என்ற கடற்கரை ஊரில் மாளிகை கட்டிய வெள்ளைக்காரத் தேசாதிபதி, கழுதையில் ஏறிக் கூட்டத்துக்குப் போன நகரசபை உறுப்பினர் என்று ஆட்களுக்குக் குறைவில்லை. செத்தவர்களைப் பற்றி எழுதுவது சுகம். அவர்கள் திருத்தம் கேட்டு வருவதில்லை.

ஒருநாள் கொழும்பிலிருந்து பத்திரிகை ஆசிரியர் போன் எடுத்தார்.

"ஐசே, போன கிழமை உம்மட கட்டுரை உப்புச்சப்பில்லை. சனம் சிரிக்கிற மாதிரி ஒண்டு அனுப்பும்."

எனக்குப் பொல்லாத ரோஷம். அந்த ரோஷத்தோடுதான் அரிப்புக்கு பஸ் ஏறினேன்.

2. வேஷம் மாறியது

அரிப்பில் சவிரி அண்ணன் இருந்தார். தொழில் கடல். பெருநாளுக்குப் பெருநாள் கத்தோலிக்கக் கோயில் முற்றத்தில் பாட்டும் வசனமுமாகப் போடும் வாசாப்பு நாடகத்தில், வேதத்துக்காகத் தலை வெட்டுப்படும் புனிதர் வேஷம் அவருக்குத்தான். அது வெறும் நடிப்பல்ல, நேர்த்தி. ஒருமுறை வள்ளம் கவிழ்ந்து, ஒரு பலகையைப் பிடித்துக்கொண்டு கிடந்தபோது, கரைசேர்ந்தால் கால் நிற்கும்வரை அந்த வேஷம் கட்டுவேன் என்று வேண்டிக்கொண்டவர். மற்ற வேஷங்களுக்கு இல்லாவிட்டாலும், புனிதர் வேஷம் கட்டுபவர் நாற்பது நாள் விரதம் இருக்கவேண்டும். மச்சம், மாமிசம், கள்ளு, சாராயம் ஒன்றும் தொடக்கூடாது.

மனுஷன் நல்ல பகிடிக்காரர். இளந்தாரியாக இருந்தபோது கோமாளி வேஷம் கட்டிய ஒருநாள் கள்ளைக் குடித்துவிட்டு மேடை ஏறினாராம். வசனம் மறந்துபோக, வலை இழுக்கும்போது பாடுகிற அம்பாப் பாட்டை எடுத்துவிட்டாராம். பார்த்திருந்த சனம் முழுக்கச் சேர்ந்து ஏலேலோ போட்டதாம். சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நானும் வயிறு நோகச் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தால் ஒரு யோசனை. கோமாளி பாடினால் யார் சிரிப்பார்கள்? வெட்டுப்படப்போகிற புனிதர் பாடினால் எப்படி இருக்கும்! வேஷத்தை மட்டும் மாற்றினேன். மற்றதெல்லாம் அவர் சொன்னபடியே எழுதினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும்.

3. ஒரு வரி

ஆசிரியருக்குப் பெரிய புளுகம், சந்தோஷத்தில் போன் எடுத்துச் சிரித்தார். பேப்பர் வந்த ஞாயிறே, பூசை முடிந்த கையோடு சவிரி அண்ணனும் மனைவி ரோசலின் அக்காவும் பஸ் பிடித்து என் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். கதிரையில் இருங்கோ என்றால் இருக்கவில்லை.

"தம்பி, கோயில் மூப்பர் கூப்பிட்டுக் கேட்டவர். விரதத்தில குடிச்ச ஆளுக்கு இனி வேஷம் குடுக்கேலாதாம்."

"நீங்கள் இல்லையெண்டு சொல்லேல்லையோ அண்ணை?"

"சொன்னனான். பேப்பரில கிடக்கே எண்டு கேக்கினம். நீங்கள் ஒரு வரி போடுங்கோ, அது கோமாளி வேஷம் எண்டு. அது காணும்."

"ஓம் அண்ணை, வாற கிழமை போடுறன்."

ரோசலின் அக்கா என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றா.

நான் போடவில்லை. ஆசிரியர் தடுத்தார் என்றால் பொய். நான் கேட்கவே இல்லை. பாராட்டிக் கடிதங்கள் வந்துகொண்டிருந்தன. கதையை மாற்றினேன் என்று ஒப்புக்கொள்ள வெட்கமாக இருந்தது. அடுத்த கிழமை வேறொருவரைப் பற்றி எழுதினேன். அந்தப் பெருநாளுக்கு வேஷம் இன்னொருவருக்குப் போனது. சவிரி அண்ணன் மேடை ஓரத்தில் நின்று திரை இழுத்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். அதற்குப் பிறகு நான் அரிப்புப் பக்கமே தலைவைக்கவில்லை.

4. பதினாறு வருடம் பிந்தி

ஓய்வுபெற்றபின் அந்தப் பத்திகளைப் புத்தகமாகப் போட நினைத்தேன். முதல் வேலையாகச் சவிரி அண்ணன் கட்டுரையைத் திருத்தி எடுத்துக்கொண்டு போனேன். நன்றாகக் கிழண்டிப்போயிருந்தார். காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டுவிட்டு, திருத்தியதை வாசித்துக் காட்டினேன். அவர் சிரித்தார்.

"அதை ஏன் தம்பி மாத்திறியள்? கலியாண வீடோ செத்த வீடோ, எங்க போனாலும் புனிதர் அம்பா பாடின கதையைத்தான் கேக்கினம். நானும் அப்பிடித்தான் சொல்லுறன்."

"ஆனா நீங்கள் விரதத்தில குடிக்கேல்லையே அண்ணை!"

அவர் என் கையில் இருந்த கட்டுரையைப் பார்த்தார்.

"குடிச்சிருப்பன் போல. பேப்பரில வந்ததெல்லோ."

குசினி வாசலில் றால் உடைத்துக்கொண்டிருந்த ரோசலின் அக்கா தலை நிமிராமல் சொன்னா:

"அவர் குடிக்கேல்லை. நாற்பது நாளும் நான்தான் சமைச்சுக் குடுத்தனான்."

"சும்மா இரப்பா," என்றார் சவிரி அண்ணன். "தம்பி எழுதினது எழுதினதாக் கிடக்கட்டும்."

நிருபர் வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு எனக்குச் சொல்லத் தெரிந்தது இவ்வளவுதான். திருத்தம் கேட்டு ஒருவர் வாசலுக்கு வந்தால், அந்தக் கிழமையே போட்டுவிடுங்கள். அவருக்குத் தன் கதை ஞாபகமிருக்கும்போதே போட்டுவிடுங்கள்.