செக்போஸ்ட்காரன்

2005இல் சென்னையில் ஒரு கணினி மையத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். மெயின்பிரேம் என்னும் பெரிய கணினியைப் பார்த்துக்கொள்ளும் வேலை. மரக்காணம் உப்பளத்தில் கூலிக்கு உப்பு வாரும் அப்பாவிடம், "செக்பாயிண்ட் போடுற வேலைப்பா" என்று சொல்லியிருந்தேன். பாண்டி பாட்டில் இருக்கிறதா என்று ஈசிஆரில் வண்டியை மறிக்கும் செக்போஸ்ட்தான் அவருக்குத் தெரியும். "நம்ம பையன் செக்போஸ்ட்ல இருக்கான்" என்று பாத்தி பாத்தியாகப் போய்ச் சொல்லிவிட்டார்.

செக்பாயிண்ட் என்று நான் சொன்னதே பாதி பொய். அதைப் போட்டவள் என்னோடு அதே வாரம் சேர்ந்த, எங்கள் பக்கத்து ஊர் கூனிமேட்டுக்காரி. டேட்டாபேஸுக்கு ஒரு கட்டளை, அதன் கடைசியில் ஒரு சைபர். அடித்தவுடன் அதுவரை நடந்ததெல்லாம் டிஸ்கில் பத்திரமாகிவிடும். பிறகு சிஸ்டம் விழுந்தாலும் அங்கிருந்தே சீக்கிரம் எழுந்துகொள்ளும். அந்தச் சைபரை அடிக்கும் அனுமதி அவளுக்கு மட்டும்தான். அவள் அடித்த நேரத்தை நோட்டில் எழுதுவது என் வேலை. ஒரு சைபருக்காக வயிறு எரிந்தது என்றால் சிரிப்பீர்கள். எரிந்தது.

ஒரு நாள் காலை மேனேஜர் என்னிடம், "மதியம் யுபிஎஸ் மாத்துறாங்க. அதுக்கு முன்னாடி செக்பாயிண்ட் போட்டுடச் சொல்லு" என்றார். நான் சொல்லவில்லை. மறந்துபோய் அல்ல, வேண்டுமென்றேதான். அவள் திட்டு வாங்க வேண்டும், அனுமதி என் கைக்கு வர வேண்டும். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் டீ குடிக்கக் கீழே போய்விட்டேன்.

யுபிஎஸ்ஸைக் கழற்றும்போது கரண்ட் போய் சிஸ்டம் விழுந்தது. எழ மணிக்கணக்காகும் என்று உள்ளுக்குள் குஷியாக ஏறி வந்தேன். ஐந்தே நிமிடத்தில் எழுந்துவிட்டது. வாசலில் பேட்டரி இறக்குவதைப் பார்த்துவிட்டு, அவள் தானாகவே செக்பாயிண்ட் போட்டிருக்கிறாள். என் நோட்டில் நேரத்தையும் அவளே எழுதியிருந்தாள்.

"இவன் சொன்னானா?" என்று மேனேஜர் கேட்டார்.

"சொன்னாருங்க சார்" என்றாள். என்னை ஒரு தரம் பார்த்தாள், அவ்வளவுதான். கெட்டிக்காரியாக இருந்தது போதாதென்று நல்லவளாகவும் இருந்துவிட்டாள். அதற்கும் சேர்த்துப் பொறாமைப்பட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன். டீக்கடையில் அப்பா என் தோளில் கைபோட்டு, "இவன் கண்ணுல மண்ணைத் தூவிட்டு ஒருத்தனும் தாண்ட முடியாது, தெரியுமா?" என்றார். எப்போதும், "அது செக்போஸ்ட் இல்லப்பா" என்று திருத்துவேன். அன்று திருத்தவில்லை. அது செக்போஸ்ட்தான். அவள் அங்கே என்னைப் பிடித்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் போகச் சொல்லிவிட்டாள்.