சிவப்புப் பொட்டு வைத்த கிண்ணங்கள்

ஈப்போ பக்கத்துக் குனோங் ராபாட்டில் என் வீட்டு அலமாரியில் கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு கண்ணாடிக் கிண்ணம் இருக்கிறது. அதைப் பார்த்தாலே எனக்கு அத்தை நினைவு வரும். கூடவே எங்கள் சபையை நினைத்துக் குமட்டலும் வரும்.

எழுபதுகளின் நடுவில், அப்பாவின் அக்காவான அத்தை ஈப்போவுக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பாலெடுத்துக்கொண்டிருந்தார். மாமா இறந்தபின் எங்களோடு தேவாலயத்துக்கு வரத் தொடங்கி, ஞானஸ்நானமும் பெற்றார். தலையில் தண்ணீர் வழிய நின்றவரிடம் போதகர், "இனிமே நமக்கெல்லாம் ஒரே அப்பம், ஒரே பாத்திரம்" என்றார். அத்தை அதை அப்படியே நம்பினார். தோட்டத்து லயத்து வீடுகளில் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார்.

அப்போது அப்பமும் திராட்சரசமும் பகிரும் திருவிருந்தில் எல்லாரும் வாய்வைத்துக் குடிப்பது ஒரே வெள்ளிப் பாத்திரத்தில். அத்தை முதன்முறையாக முழங்காலிட்டுக் குடித்ததும், போதகர் விளிம்பைத் துணியால் துடைத்து, பக்கத்திலிருந்த சபைச் செயலாளரின் மனைவியிடம் நீட்டினார். அந்த அம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போய்விட்டார். அத்தையின் விரல்களில் எவ்வளவு தேய்த்தாலும் போகாத ரப்பர் ஒட்டுப்பால் வாடை இருந்தது உண்மைதான். அதைவிட நாறியது அந்த அம்மாளின் மனசு.

அடுத்த மாதமே வெள்ளிப் பாத்திரம் பெட்டிக்குள் போயிற்று. ஆளுக்கொரு கண்ணாடிக் கிண்ணம் வந்தது. சுகாதாரமாம். அதோடு விட்டார்களா? தோட்டத்து ஆட்களின் கிண்ணங்களுக்கு மட்டும் அடியில் நகச்சாயத்தால் சிவப்புப் பொட்டு வைத்து, தனித் தட்டில் அடுக்கினார் அந்த அம்மாள். கழுவுகிற வேலையை அத்தையிடமே கொடுத்தார். "நீங்க கழுவுனா பளிச்சுன்னு இருக்குலா. இதுவும் ஊழியந்தான், அக்கா." உதடு பட்டால் தீட்டு, கை பட்டால் ஊழியம். சீ, என்ன பக்தியோ. போதகருக்கும் எல்லாம் தெரியும். வாயில் கொழுக்கட்டை வைத்தவர் போல இருந்துவிட்டார்.

பொட்டு எதற்கென்று அத்தை ஒருநாள் என் அம்மாவிடம் கேட்டார். அம்மா தயங்கித் தயங்கிச் சொன்னார். "அப்படியா சங்கதி" என்றார் அத்தை. அடுத்த திருவிருந்து ஞாயிறு விடிந்ததும் பிள்ளைகளான எங்களை அழைத்துக்கொண்டு போய், தேவாலயச் சமையலறையில் உட்கார்ந்து, பால்மரம் வெட்டும் கத்தியின் முனையால் பொட்டுகளைச் சுரண்டினார். எல்லாக் கிண்ணங்களையும் ஒன்றாகக் கலந்து, திராட்சரசமும் ஊற்றி வைத்துவிட்டார்.

ஆராதனையில் வேண்டுமென்றே அந்த அம்மாளின் பக்கத்தில் போய் முழங்காலிட்டார். அம்மாள் வழக்கம்போல் கிண்ணத்தைத் தூக்கி அடியைப் பார்த்தார். சுரண்டியதில் தப்பிய சிவப்பு ஒரு துளி அதில் ஒட்டியிருந்தது.

"குடிங்க அக்கா, நல்லாத்தான் கழுவியிருக்கேன்" என்றார் அத்தை, எல்லாருக்கும் கேட்கும்படி.

அம்மாள் குடிக்கவில்லை. கிண்ணத்தைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து போனார். கர்த்தரின் இரத்தம் என்று சொல்லிக் கொடுத்ததை அப்படியே விட்டுப் போக அவருக்கு மனம் வந்தது. அத்தை தம்முடையதைக் குடித்தார், அதையும் எடுத்துக் குடித்தார். அந்தக் கிண்ணத்தைத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

அத்தை போய்ச் சேர்ந்து வெகுகாலமாயிற்று. இப்போது சபையில் குடித்துவிட்டு எறியும் பிளாஸ்டிக் கிண்ணம். போன ஞாயிறு, தொழிற்சாலையில் வேலைசெய்யும் நேப்பாளத்துப் பையன்கள் சிலர் முதன்முறையாகத் திருவிருந்துக்கு வந்து உட்கார்ந்தார்கள். "அவங்களுக்குத் தனித் தட்டு வச்சிடுங்கலா" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. நானே எழுந்து போய் அவர்கள் நடுவில் உட்கார்ந்து, அவர்கள் தட்டிலேயே எடுத்துக் குடித்தேன்.

வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்து கிண்ணத்தைக் கவிழ்த்தேன். மிஞ்சியிருந்த சிவப்பை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். போகவில்லை.