டியூப் லைட்டுக்குக் கீழே இருந்த இடம்

எண்பதுகளில் சேலத்தை ஒட்டிய மலையில், தலைச்சோலைக்கு மேலே ஒரு எஸ்டேட்டில் காப்பிக் கொட்டை பொறுக்கும் வேலையில் இருந்தேன். நாங்கள் எல்லாரும் பொம்பளைகள்தான். சீசனில் இருட்டிய பிறகும் கொஞ்ச நேரம் வேலை நடக்கும். தோல் நீக்கிய கொட்டையை முறத்தில் பரப்பி, கறுத்ததையும் புளித்துச் சிவந்ததையும் எடுத்துவிட வேண்டும். நல்ல கொட்டை பச்சை கலந்த சாம்பல் நிறம். சிவந்தது கலந்தால் காப்பி நாறும்.

ஷெட்டில் குண்டு பல்புகள்தான் இருந்தன. ஒரு வருடம் டியூப் லைட் ஒன்று மாட்டினார்கள். பால் மாதிரி வெளிச்சம். அதன் கீழே யார் உட்காருவது என்று பேச்சே எழவில்லை. எங்களில் மூத்தவர் ஒரு அக்கா. மாதா கோயிலுக்குப் போகிறவர். கணவர் இல்லை. எங்கள் பக்கம் புதிதாக எது வந்தாலும் முதலில் மூத்தவருக்குத்தான். அவருடைய முறத்தை நாங்களே தூக்கிப்போய் அங்கே வைத்தோம்.

மலைக் கரண்டுக்கு டியூப் ஒத்துவரவில்லை. சாயங்காலம் வோல்டேஜ் குறையும். மினுக்கி மினுக்கித்தான் பிடிக்கும். அப்படி மினுக்கினால் அதன் ஆயுசு போய்விடும் என்று மாட்டிய ஆள் சொல்லியிருந்தார். சொன்னபடியே இரண்டு முனையும் கறுத்தன. வேறு போட்டார்கள். அதுவும் அப்படித்தான்.

அந்த சீசனில் சேலத்துக்கு விற்கப் போன மூட்டைகளில், அக்காவின் நம்பர் போட்ட மூட்டையில் சிவப்புக் கொட்டை கிடந்ததாகப் புகார் வந்தது. எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் வந்து சொன்னார். மறுபடியும் கிடந்தது. ரைட்டர் கெட்டவர் இல்லை. ஆனால் இன்னொரு புகார் வந்தால் ஷெட்டுக்கு வர வேண்டாம், துரைக்குத் தன்னால் பதில் சொல்ல முடியாது என்றார். அக்காவுக்கு முழங்கால் வீக்கம். தோட்டத்தில் ஏறி இறங்க முடியாது. இந்த வேலை போனால் வேறு வேலை கிடையாது. அக்கா கொட்டையைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்க்க ஆரம்பித்தார். அவருக்குப் பார்வை போய்விட்டது என்றே நாங்களும் நம்பினோம்.

ஒரு மாலை மூடுபனி ஷெட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. அதுவரை எரிந்த டியூப் அணைந்தது. அன்றைக்கு அப்புறம் பிடிக்கவே இல்லை. பல்புகள் மட்டும் மங்கலாக எரிந்தன. அக்கா முறத்தோடு எங்கள் பக்கம் வந்தார்.

"அக்கா இன்னிக்கு ஏழைங்க ஊட்டுக்கு வந்திருக்குது. தள்ளி உக்காருங்கடி" என்றாள் ஒருத்தி.

நாங்கள் சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை. முறத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அது பொறுக்கி முடித்த முறம். அதிலிருந்து சிவப்புக் கொட்டையாக எடுத்து மடியில் போட்டார். நானும் கை வைத்து எடுத்தேன். இன்னும் இருந்தது.

"எங்கண்ணுல கோளாறு இல்ல சாமி. அந்த வெளிச்சத்துல இது செவப்பாவே தெரியில" என்றார்.

எஸ்டேட் மாட்டிய புது லைட்டைக் குறை சொல்ல எங்களுக்குப் பயம். அக்காவே போய்ச் சொன்னார். மறுநாள் டியூப் எரிந்தபோது ரைட்டர் முறத்தோடு அதன் கீழே உட்கார்ந்து தேடினார். பிறகு பல்புக்குக் கீழே தேடினார். அவருக்கும் அப்படித்தான் தெரிந்தது. அக்காவைப் பல்புக்கே மாறச் சொன்னார்.

"மாறிக்கறேனுங்க. ஆனா இந்த மூட்டை போயி, புகார் வருதான்னு பாருங்க. அப்புறம் சொல்லுங்க, நான் இருக்கறதா போறதான்னு" என்றார் அக்கா.

ரைட்டர் டியூப் பக்கத்தில் ஒரு பல்பும் தொங்கவிட்டார். வெள்ளையும் மஞ்சளும் கலந்து விழுந்ததும் பச்சைக் கொட்டை பச்சையாகவும் சிவப்புக் கொட்டை சிவப்பாகவும் தெரிந்தது. அங்கே இரண்டு பேர் உட்கார்ந்தார்கள். அக்கா போகவில்லை. எங்களோடுதான் பொறுக்கினார்.

மூட்டை சேலத்துக்குப் போனது. புகார் வரவில்லை. ரைட்டர் ஷெட்டுக்கு வந்து அக்காவுக்கு முன்னால் நின்று அதைச் சொன்னார். அக்கா தலையாட்டினார்.

"வெளிச்சத்த மறைக்கறீங்க. கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றார்.