எல், ஐ, அதோடு நின்றது

எங்களுக்கு இது விளங்காது என்று யாராவது சொல்லிவிட்டால் எனக்கு அன்றும் பற்றிக்கொண்டு வரும், இன்றும் வரும். போர்க்காலத்தில் மல்லாவியில் நான் வேலை பார்த்த நிவாரண அலுவலகத்தின் மேலதிகாரி வவுனியாவில் இருந்தார். மாதம் ஒருமுறை வருவார், வரும்போதெல்லாம் அதைத்தான் சொல்வார். கரண்ட் இல்லாத ஊரில் கொம்பியூட்டர் எதற்கு, வவுனியாவில் வைத்தால் ஒழுங்காக ஓடும் என்பார்.

ஓடும்தான். ஆனால் இங்கே பிறக்கிற பிள்ளையின் பெயர் சோதனைச்சாவடி தாண்டி வவுனியா போய்ப் பதிந்து திரும்ப இரண்டு மாதம் ஆகும். அதுவரை பிள்ளைக்கு நிவாரணப் பால்மா கிடையாது. எங்கள் கிடுகுக் கொட்டிலுக்குள் அந்தக் கொம்பியூட்டர் இருந்தால் நான் அன்றைக்கே பதிந்து விடுவேன். அதனால் அது மல்லாவியை விட்டுப் போகக்கூடாது என்பதில் நான் ஒற்றைக்காலில் நின்றேன்.

அதில் லினக்ஸ் இயங்குதளம் ஓடியது, பழைய பதிப்பு. வவுனியாவிலிருந்து அனுப்பிய புதுப் பிரிண்டரை அந்தப் பழையது மதிக்கவே இல்லை. புதிய பதிப்பின் சீடி ஒன்று கிடைத்தது. பற்றரியையும் சவர்க்காரத்தையும்கூட ஆமி மறித்த சாவடியில், பாட்டு சீடி என்று நினைத்து அதை விட்டுவிட்டார்கள். ஆள் கூட்டிவந்து நானே ஏற்றித் தருகிறேன், தொடாதே என்றார் அதிகாரி. நான்கு மாதம் பார்த்தேன். ஆளும் இல்லை, பேரும் இல்லை. ஒரு செவ்வாய்க்கிழமை காலை நானே சீடியைப் போட்டேன்.

ஜெனரேற்றர் ஓட்டியவர் முல்லைத்தீவுக் கரையிலிருந்து இடம்பெயர்ந்த ஒரு அண்ணை. கடலில் படகின் வெளியிணைப்பு எஞ்சினோடு இருபது வருசம் கிடந்தவர். இரண்டு சொட்டுப் பெற்றோல் விட்டு இழுத்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓடவிடுவார். அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. எங்கள் பக்கம் ஜெனரேற்றர் ஓட்டின எல்லோருக்கும் இருந்த வழக்கம் அது. எஞ்சின் இரைச்சலில் குண்டு போட வருகிற பிளேனின் சத்தம் கேட்காது. அதனால் ஏதும் சந்தேகம் வந்தால் உடனே நிற்பாட்டிக் காது கொடுப்பார். எங்கள் எஞ்சின் நின்றால் அந்த ஒழுங்கை முழுவதும் பங்கருக்குள் இறங்கிவிடும்.

பாதிக்கு மேல் ஏறிவிட்டது. எஞ்சின் நின்று திரை அணைந்தது. வெளியே ஓடினேன். அண்ணை வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒழுங்கை முனையில் லான்ட்மாஸ்டர் என்கிற கை உழவு எஞ்சின் ஒன்று, பிளேன் மாதிரி இரைந்துகொண்டு, நெல் மூட்டைகளோடு மேடு ஏறிக்கொண்டிருந்தது. நான் வாயில் வந்ததெல்லாம் சொல்லித் திட்டினேன். அவர் கேட்டுக்கொண்டு நின்றுவிட்டுச் சொன்னார்:

"தங்கச்சி, இது நிண்டால் திருப்பி எழுப்பலாம். நான் கேக்காமல் விட்டு அது பிளேனாயிருந்தால் ஆரை எழுப்புறது?"

அவர் சொன்னது சரிதான். அதனால் இன்னும் கோபம் வந்தது.

திரும்ப ஓடவிட்டபோது கறுப்புத் திரையில் எல், ஐ என்று இரண்டு ஆங்கில எழுத்து மட்டும் வந்தது. அவ்வளவுதான். சீடியிலிருந்து நான் எழுதி வைத்திருந்த பிளொப்பியால் மறுபடி ஏற்றப் பார்த்தேன். உன்னுடைய பெட்டியில் லினக்ஸே இல்லை என்றது. எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போடட்டுமா என்று மரியாதையாகக் கேட்டது. மாதக்கணக்கில் நான் தட்டிய பெயர்கள் அதற்குள் கிடந்தன. மாட்டேன் என்று அணைத்தேன்.

அன்று பின்னேரம் லொறிக்காரர் வழியாகச் செய்தி வவுனியாவுக்குப் போய்விட்டது. மறுநாளே பதில் வந்தது. ஒன்றிலும் கை வைக்காதே, வெள்ளிக்கிழமை மட்டைப் பெட்டியோடு வந்து அதை ஏற்றிப்போகிறேன். அந்தத் துண்டுக் கடிதத்தை மடித்து, ஆடுகிற மேசைக் காலுக்குக் கீழே வைத்தேன்.

எனக்கு இருந்தது போட்டோக்கொப்பி எடுத்த கைநூல் ஒன்று, பாதிப் பக்கம் மங்கல். அதில்தான் கண்டேன். தொடக்கிவைக்கிற சின்ன நிரலின் பெயர் லீலோ. அதற்கு ஆங்கிலத்தில் நான்கு எழுத்து. ஒவ்வொரு படி தாண்டும்போதும் ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரைச் சொல்லும். இரண்டோடு நின்றால், அது தேடிப்போன கோப்பு பழைய இடத்தில் இல்லை என்று அர்த்தம். பெயர்கள் அழியவில்லை. வழிதான் தெரியவில்லை. இடம்பெயர்ந்த எங்களுக்கு இதைவிட விளங்கக்கூடிய வியாதி வேறு உண்டா?

பிளொப்பியால் எழுப்பி, இதுதான் உன் வீடு என்று ஹார்ட் டிஸ்க்கின் பகுதியைச் சொல்லிக் கொடுத்தேன். உள்ளே போய்ப் பார்த்துவிட்டு, இது உடைந்திருக்கிறது, சரிசெய்யவா என்று கேட்கத் தொடங்கியது. ஓம் என்றேன். இது? ஓம். இது? ஓம். விரல் நோகும்வரை ஓம். மண்ணெண்ணெய் தீர்ந்தது. அண்ணை தன் வீட்டு விளக்குக்கு வைத்திருந்த போத்தலைக் கொண்டுவந்து ஊற்றினார். அன்றிரவு அவருடைய பிள்ளைகள் இருட்டில்தான் சாப்பிட்டிருக்கும். நான் திட்டியதற்கு வெட்கப்பட்டேன்.

வியாழன் முழுவதும், ஏறாமல் விடுபட்டவற்றைக் கையால் ஒவ்வொன்றாக ஏற்றினேன். கடைசியில் லீலோவுக்குப் புது இடத்தைக் காட்டிவிட்டுத் திரும்ப எழுப்பினேன். நான்கு எழுத்தும் வந்தது. பிரிண்டர் கரகரத்து முதல் தாளைத் தள்ளியபோது அழுதேவிட்டேன்.

வெள்ளிக்கிழமை அதிகாரி வெள்ளைச் சேட்டோடும் பெரிய மட்டைப் பெட்டியோடும் வந்து இறங்கினார். எஞ்சின் நின்றால் பங்கர் என்று அவரிடம் வாசலிலேயே யாரோ சொல்லிவைத்தார்கள். ஓடுகிற திரையைப் பார்த்தார். பிறகு, இப்ப ஓடும், நாளைக்கு எஞ்சின் நின்றால் திரும்பப் படுத்துவிடும், பெட்டியில் போட்டுக் கட்டுங்கோ என்றார்.

நான் வாசலுக்குப் போனேன்.

"அண்ணை, நிப்பாட்டுங்கோ."

அண்ணை என் முகத்தைப் பார்த்தார். நிற்பாட்டினார். பக்கத்து வளவில் பிள்ளைகளைத் தூக்கிய தாயிடம், ஒன்றுமில்லை பிள்ளை, சும்மா என்று கத்திச் சொன்னார். அதிகாரியிடம் மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. அந்த அவசரத்தில் மறந்துபோனேன் என்றுதான் இன்றும் சொல்கிறேன். நம்புகிறவர்கள் நம்பட்டும்.

எஞ்சின் திரும்ப ஓடியது. நான்கு எழுத்து வந்தது. கொம்பியூட்டர் ஹார்ட் டிஸ்க்கைத் தானே தடவிப் பார்த்துக்கொண்டு, என்னிடம் ஒரு கேள்வியும் கேட்காமல் எழும்பி, என் பெயரைக் கேட்டு நின்றது. அதிகாரி இரண்டு முழங்கையிலும் செம்மண்ணோடு பங்கரிலிருந்து ஏறி வந்தார்.

"எங்க குண்டு போட்டவன்?" என்றார்.

"பிளேன் வரேல்லை சேர். நாங்கள்தான் நிப்பாட்டினனாங்கள். எழும்பிட்டுது, பாருங்கோ."

பார்த்தார். மண்ணைத் தட்டிக்கொண்டே பார்த்தார். போகும்போது வெறும் மட்டைப் பெட்டியைத் தூக்கினார், அதை விட்டுவிட்டுப் போங்கோ என்றேன். பிரிண்டர் தாள் வைக்க எங்களுக்கு ஒரு பெட்டி தேவையாக இருந்தது.