ஒன்பதாவது தலைவெள்ளி

ஒன்பது தலைவெள்ளி முடியாமல் எங்கள் அக்காவை ஆண்டவரால் எடுத்துக்கொள்ள முடியாது என்று நான் நம்பினேன். ஐம்பத்து மூன்று வயதில், பாதி முடி கொட்டிய மண்டையோடு, முழுதாக நம்பினேன். கோயிலில் சிரிப்பு மூட்டிவிடுவேன் என்று பயந்து என் பக்கத்தில் உட்காராத உறவினர்கள் இதைப் படிக்கும்போது தாராளமாகச் சிரிக்கலாம்.

இந்து நண்பர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். மாதத்தின் முதல் வெள்ளியைத் தலைவெள்ளி என்போம். விடாமல் ஒன்பது தலைவெள்ளி பூசை கண்டு நற்கருணை வாங்கியவர், கடைசி நேரத்தில் சாமியார் வந்து நெற்றியில் மந்திரித்த எண்ணெய் பூசாமல், நற்கருணை அப்பம் கொடுக்காமல் சாகமாட்டார். திருஇருதய ஆண்டவர் அந்த நேரத்தில் அவருக்கு அடைக்கலமாக இருப்பார் என்பது எங்கள் நம்பிக்கை. நடுவில் ஒன்று தவறினால் மறுபடியும் முதலிலிருந்து.

அக்கா ஆவூரில் பிறந்தார். எனக்கு எட்டு வயதில் அம்மா போன பிறகு சோறு போட்டதும், தலை வாரிவிட்டதும், உதைத்ததும் அக்காதான். கிராம சுகாதாரச் செவிலியராகத் திருவரங்குளம் பக்கத்து ஊர்களில் முப்பது வருடம் தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தார். திருக்கோகர்ணத்தில் வாழ்க்கைப்பட்டார். பிள்ளை இல்லை. அத்தான் இறந்த பிறகு நான் அங்கேயே குடிவந்தேன். அக்காவைப் பார்த்துக்கொள்ளப் போகிறேன் என்று ஊரில் சொல்லிக்கொண்டேன். சமைத்தது யார் என்று உங்களுக்குத் தெரியும்.

ஊசி போடுமுன் ஒவ்வொரு குழந்தையையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்பது அக்காவின் வழக்கம். ஒரு காலைக்கு நாற்பது குழந்தை என்றாலும் நாற்பது மன்னிப்பு. மொத்தமாக ஒன்று கேட்டுவிடேன், நேரம் மிச்சம் என்று கேலி செய்தேன். “சாமிக்கே மொத்தமா பாசம் காட்டத் தெரியாதுடா. ஆளாளுக்குத் தனித்தனியாத்தான் வரும் அவருக்கு” என்றார். திருஇருதயப் படத்தில் இருதயம் ஏன் நெஞ்சுக்கு வெளியே இருக்கிறது என்று சிறுவயதில் கேட்டபோதும், உள்ளே வைத்திருந்தால் உன்னை மாதிரி மண்டூகத்துக்கு எப்படித் தெரியும் என்றுதான் பதில் வந்தது.

போன வருடத்துக்கு முந்தைய மே மாதம் கல்லீரலில் புற்றுநோய் என்று தெரிந்தது. ஸ்கேன் காகிதத்தை டாக்டர் விளக்குவதற்கு முன்பே அக்கா படித்து முடித்திருந்தார். ஜூன் மாதம் தலைவெள்ளி தொடங்கினார். மாதாமாதம் என் பழைய காரில் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். டிசம்பர் வரை நான் நல்ல தம்பி. ஜனவரியில் எட்டாவது முடிந்ததும் நான் கணக்குப் போட ஆரம்பித்தேன். ஒன்பதும் முடிந்துவிட்டால் அக்காவின் பயண டிக்கெட் உறுதியாகிவிடும். முடியாவிட்டால்? ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். இன்னும் ஒன்பது மாதம் ஆண்டவர் காத்திருந்துதானே ஆகவேண்டும்? மார்ச்சிலிருந்து எண்ணினால் நவம்பர் வந்தது. நவம்பர் கல்லறைத் திருநாள் மாதம் என்பதுகூட இந்த அறிவாளிக்கு உறைக்கவில்லை.

பிப்ரவரி தலைவெள்ளி மாலை, காரின் பேட்டரி வயரைக் கழற்றிவிட்டேன். அக்கா வெள்ளைச் சேலை கட்டி, செபமாலையோடு வாசல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வண்டி கிளம்பவில்லை என்றேன். எதிர்வீட்டு ஆட்டோக்காரத் தம்பியைக் கூப்பிடச் சொன்னார். கூப்பிட்டேன், வரமுடியாதாம் என்றேன். சாமியாரையாவது பூசை முடிந்து வரச் சொல் என்றார். போன் எடுக்கவில்லை என்றேன். இரண்டு பேருக்கும் நான் போனே போடவில்லை. பூசை நேரம் கடந்தது. “சரி விடு, அவருக்குத் தெரியாததா” என்று சொல்லி அக்கா உள்ளே போய்ச் சேலையை மடித்து வைத்தார்.

மார்ச்சில் மறுபடியும் ஒன்று. ஏப்ரலில் இரண்டு. இரண்டாவதற்கு அக்காவால் காரிலிருந்து இறங்க முடியாமல் போக, சாமியார் வெளியே வந்து நற்கருணை கொடுத்தார். அடுத்த வாரம் அக்காவின் கண் மஞ்சளாகிவிட்டது. கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது தாங்கமுடியாமல் வயர் விஷயத்தைச் சொல்லிவிட்டேன்.

“அன்னைக்கே தெரியும்டா. கையில கிரீஸ் கருப்போட வந்து நின்னியே.”

“பின்ன ஏன்க்கா ஒண்ணும் சொல்லல?”

“ஒனக்கு இன்னும் ஒம்பது மாசம் வேணும்னு இருந்துச்சு. அதையும் நானே பிடுங்கவா?”

சுகாதாரத் துறையில் முப்பது வருடம் இருந்தவர். ஒன்பது மாதம் இல்லை என்று அவருக்குத் தெரியும். தம்பியின் முட்டாள்தனத்துக்காகத் தன் ஒன்பதாவது வெள்ளியை விட்டுக்கொடுத்திருக்கிறார். ஆண்டவரின் அன்பும் அக்காவின் அன்பு மாதிரித்தான் மனுசத்தனமாக இருக்கும் என்று அஞ்சலிக் கூட்டத்தில் சாமியார் சொன்னார். இருக்கலாம். எனக்கு அது இதுவரை ஆறுதலாகவில்லை. ஒரு வருடமாகத் திருஇருதயப் படத்தை நேராகப் பார்க்காமல்தான் விளக்குப் போடுகிறேன்.

அக்காவைத் தூக்கவும் துடைக்கவும் கூசாமல் வந்த பக்கத்து வீட்டுப் பெண்களுக்கும், மருத்துவமனைத் தாதியருக்கும், ஆவூரில் குழி வெட்டியவர்களுக்கும், பாடற்குழுவினருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. ஆட்டோக்காரத் தம்பி, அக்கா கூப்பிட்டு நீங்கள் வராமல் இருந்ததே இல்லை. அன்று உங்கள் பேரில் பொய் சொன்னது நான். மன்னித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். ஏப்ரல் கடைசியில், ஒரு புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு, “சாமியாரக் கூட்டியாடா” என்றார் அக்கா. அத்தனையும் தெரிந்த பிறகும், சாமியார் வராவிட்டால் அக்கா போகமாட்டார் என்று என் புத்தி மறுபடியும் சொன்னது. சட்டையைத் தேடினேன். காபி போட்டேன். ஏதோ ஜோக் சொன்னேன், அக்கா சிரித்தார். பதினொன்றரைக்குக் கிளம்பினேன். கார் ஒரே திருப்பில் கிளம்பியது.

அக்கா பன்னிரண்டேகாலுக்கு இறந்தார். நானும் சாமியாரும் வந்து சேர்ந்தபோது மணி பன்னிரண்டு நாற்பது.