அட்டைக்கு நான் எடுத்த படம்

அந்தப் பக்கத்தை ஸ்கேன் செய்தபோது எனக்குச் சிலிர்த்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு தைரியம் வராது. துப்பாக்கியோடு ஒரு பையன் நிற்கிறான். பின்னால் பெரிய சூரியன். வரைந்தவர், காந்திபுரத்தில் நான் வேலை பார்த்த டி.டி.பி. கடைக்கு அகதிகள் முகாமிலிருந்து வந்துகொண்டிருந்த அக்கா. இலங்கைப் போரில் கழிந்த தன் சின்ன வயதைச் சித்திரக்கதையாக வரைந்து, புத்தகமாக்கக் கொடுத்திருந்தார்.

முப்பது வருடம் இங்கே இருந்ததில் அவர் பேச்சும் எங்கள் பேச்சாகியிருந்தது. படங்கள்தான் முதலில் வந்தன. வசனக் கட்டங்கள் எல்லாம் காலி. "எழுத்து இன்னும் முடியலீங் கண்ணு, அப்பறமாக் கொண்டாரேன்" என்றார். நான் கொஞ்சம் முந்திரிக்கொட்டை. அவரை அசத்தலாம் என்று அந்தப் பையனைப் பெரிதாக்கி, சூரியனுக்கு இன்னும் சிவப்பு ஏற்றி, அட்டையாகவே பிரிண்ட் எடுத்துவிட்டேன்.

அடுத்த வாரம் அதைக் காட்டினேன். பாராட்டுவார் என்று நின்றேன். அவர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். அதுவரை நான் கேட்டிராத அவருடைய பழைய இலங்கைத் தமிழ் அப்போதுதான் வந்தது.

"பதினாலு வயசில கீறின படம் இது. சண்டைக்கு ஆள் சேர்க்க வந்தவை, பள்ளிக்கூடச் சுவரில ஒட்டக் கேட்டவை. என்ர தம்பியை நிக்க வச்சுப் பாத்துத்தான் கீறினனான். ஒட்டின மூண்டாம் நாள் அவன் அவையோட போயிட்டான். திரும்பி வரேல்லை."

புத்தகத்துக்காக அதை மறுபடி வரைந்தபோது அசிங்கமாக வரையத்தான் பார்த்தாராம். கை கேட்கவில்லையாம். அந்தப் பக்கத்தை எடுத்துவிடுவதா வைப்பதா என்று கேட்கத்தான் அன்றைக்கு வந்திருந்தார்.

அந்தப் படம் ஒரு பொய் என்று சொல்லத்தான் புத்தகமே. ஆனால் ஓர் எழுத்தும் இல்லாமல் அது என்னைப் பிடித்துவிட்டதே. போரை டி.வி.யில் மட்டும் பார்த்த போத்தனூர்க்காரன் நான். பதினாலு வயதுப் பிள்ளையிடம் படம் கேட்டவர்கள் மேல் கோபம் வந்தது. சிவப்பு ஏற்றிய என் மேல் வந்தது கோபமா, வெட்கமா, இன்றுவரை தெரியவில்லை.

அக்கா அட்டையைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டார்: "இதைப் பாக்க உமக்கும் அவனோட போகவேணும் போல இருந்ததோ?"

"இல்லீங்கக்கா" என்றேன். சிலிர்த்ததை அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது?

"அப்ப அந்தப் பக்கம் இருக்கட்டும்" என்றார். புத்தகம் வந்துவிட்டது. பள்ளிப் பிள்ளைகள் படிக்கிறார்கள் என்று போன மாதம் சந்தோஷமாகச் சொன்னார். நாற்பதாம் பக்கத்தில் அந்தப் பையன் நிற்கிறான்.