உதட்டில் நான் பூசி மறைத்த நீலம்

மூன்று வருடங்களுக்கு முன், ஓர் ஆவணி மாதம். புதுச்சேரி கருவடிக்குப்பத்தில் என் வீட்டு முன்னறையைத்தான் பியூட்டி பார்லராக வைத்திருக்கிறேன். மணப்பெண் மேக்கப் என்றால் என்னைத் தேடி வருவார்கள். அதில் எனக்குத் தலைக்கனமும் கொஞ்சம் இருந்தது. மறைப்பானேன், நிறையவே இருந்தது.

நான் சொல்ல வந்த பெண் தட்டாஞ்சாவடியில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை செய்தாள். அவளுடைய அக்கா கல்யாணத்தில் அவளுக்கும் நான்தான் மேக்கப் போட்டேன். இன்ஸ்டாகிராமில் என் பக்கத்தில் போடுவதற்காகப் படம் எடுத்தேன். போடுவதற்கு முன், வழக்கம்போல போனில் திருத்தினேன். தோலை வழவழப்பாக்கி, மூக்கைச் சின்னதாக்கி, உதட்டை விரலால் லேசாக இழுத்துவிட்டால் போதும், லைக் குவியும். எங்கள் தொழிலில் பலரும் செய்வதுதான். அவளுக்கு மெல்லிய உதடு. படத்தில் அது கொழுகொழுவென்று ஆகிவிட்டது.

அந்தப் படத்தைத்தான் அவள் அம்மா ஜாதகத்தோடு சேர்த்து மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார். மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்காமல் பெரியவர்கள் மட்டும் பெண் பார்க்க வந்தார்கள், பிடித்துவிட்டது, நிச்சயதார்த்தத்துக்கு நாளும் குறித்தார்கள். பத்து நாள் இருக்கும்போது அவள் பார்லருக்கு வந்து போனை நீட்டினாள்.

"அவுரு வீடியோ கால்ல பாத்துட்டு, ஃபோட்டோல வேற மாதிரி இருந்தியேன்றாருக்கா. வெளையாட்டுக்குதான் சொன்னாராம். என்னிய இந்த ஃபோட்டோல இருக்கற மாதிரி ஆக்கி வுடுக்கா."

'அது உன் உதடே இல்லை, நான் விரலால் இழுத்துவிட்டது' என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் என் மரியாதை என்னாவது? சென்னையிலிருந்து வந்து எங்களைப் போன்ற பார்லர்காரர்களுக்கு வகுப்பு எடுக்கும் ஒரு பெண்மணி, உதட்டைப் பருமனாக்கும் ஃபில்லர் ஊசி போடுவார். அவரை வரவழைத்தேன். அவர் டாக்டர் இல்லை என்பது எனக்குத் தெரியும். அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

நிச்சயதார்த்தத்துக்கு முந்தின நாள் காலையில்தான் அவரால் வர முடிந்தது. என் பார்லர் நாற்காலியிலேயே ஊசி போட்டார். கொஞ்ச நேரத்தில் மேலுதட்டின் இடதுபக்கம் சுண்ணாம்பு தடவினாற்போல் வெளுத்தது. அவள் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "எரியுதுக்கா" என்றாள். வந்தவர், அதெல்லாம் சகஜம், ஐஸ் வையுங்கள் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டார். நானும் வைத்தேன்.

சாயங்காலம் அவள் போன் செய்தாள். "நீலமா ஆவுதுக்கா. வலி தாங்கல. டாக்டராண்ட காட்டட்டுமா?"

"நாளைக்கு நிச்சயத்த வெச்சிக்கினு ஆஸ்பத்திரியா? நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க. காலைல வா, நான் பாத்துக்கறேன்" என்றேன். வாழ்க்கையில் ஒரே ஒரு பேச்சைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்றால், நான் அதைத்தான் எடுப்பேன்.

காலையில் அவள் உதட்டிலிருந்து மூக்கோரம் வரை வலைபோல நீலம் படர்ந்திருந்தது. நீலத்தை மறைக்க ஆரஞ்சு நிறம் பூச வேண்டும், அதன்மேல் தோல் நிறம். எங்கள் தொழிலில் பாலபாடம் அது. உடம்பு ஏதோ சொல்கிறது என்று எனக்குத் தோன்றவில்லை. கறை என்று மட்டும்தான் தோன்றியது. பிரஷ் பட்ட இடமெல்லாம் துடித்தாள். "அழாதம்மா, மேக்கப் கலையுது" என்றேன். ஆம், அப்படித்தான் சொன்னேன்.

மண்டபத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. தட்டு மாற்றினார்கள். மாப்பிள்ளையின் அம்மா, பெண் ஃபோட்டோவில் பார்த்த மாதிரியே இருக்கிறாள் என்று சொன்னபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை. அன்றே படத்தை என் பக்கத்தில் போட்டேன்.

மறுநாள் உதடு கொப்புளித்தது. ஆஸ்பத்திரிக்கு நானும் ஓடினேன். ஊசி மருந்து ரத்தக் குழாயை அடைத்துவிட்டதாம். அன்றைக்கே வந்திருந்தால் அதைக் கரைக்க மருந்து இருக்கிறது, ஏன் வரவில்லை என்று டாக்டர் கோபமாகக் கேட்டார். அவள் என்னை ஒருமுறை பார்த்தாள். "நிச்சயதார்த்தம் இருந்துச்சு சார்" என்றாள். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. எனக்கு அங்கேயே உயிர் போய்விடக் கூடாதா என்றிருந்தது.

உதட்டில் ஒரு துண்டு கறுத்து, உதிர்ந்து, பள்ளமாக ஆறியது. சிரித்தால் ஒரு பக்கம் இழுக்கும். மாப்பிள்ளை வீட்டார் தட்டு மாற்றியதையே மறந்துவிட்டார்கள்.

ஒரு நாள் அவள் வீட்டுக்குப் போய், போனில் உதட்டை இழுத்ததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அம்மா முகம்கொடுக்காமல் உள்ளே போய்விட்டார். அவள் மட்டும் வாசல்வரை வந்தாள். அந்த நிச்சயதார்த்தப் படத்தை என் பக்கத்திலிருந்து எடுத்துவிடுகிறேன் என்றேன்.

"எடுத்துடாதீங்க. ஒதடு முழுசா இருக்கற கடைசி ஃபோட்டோ அதுதான்" என்றாள். அதுவரை 'வாக்கா, போக்கா' என்று ஒட்டிக்கொண்டு பேசிய பெண், அன்று அக்கா என்று கூப்பிடவே இல்லை.

படம் இன்னும் அங்கேயே இருக்கிறது. புதிதாக வரும் பெண்கள் அதைக் காட்டி, இதே மாதிரி வேண்டும் என்று கேட்கிறார்கள். இப்போதெல்லாம் நான் எந்தப் படத்தையும் திருத்துவதில்லை. நாற்காலியில் உட்கார்ந்தவள் "வலிக்குதுக்கா" என்றால் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிடுகிறேன். அன்று ஒரு நாள் அதைக் கீழே வைத்திருந்தால் போதுமே என்ற நினைப்பு மட்டும் இன்றுவரை கையைவிட்டுப் போகவில்லை.